இளைப்பது எது: கொழுப்பா, தசையா?

'தசை' என்ற சொல் எழுத்து இடம் மாறி 'சதை' ஆனது என்று பள்ளிக்கூடத்தில் இலக்கணப் போலிக்கு உதாரணமாகப் படித்திருப்போம். பொருள் ஒன்றுதான். ஆனால் பேச்சு வழக்கில் இரண்டும் பிரிந்து போய்விட்டன. "நல்லா சதை போட்டுட்டான்" என்றால் கொழுத்துவிட்டான் என்று அர்த்தம். தசை என்றால் ஜிம்முக்குப் போகும் பையன் கண்ணாடி முன் கையை மடக்கிப் பார்த்துக்கொள்வது. இன்னொரு சொல் 'இளைத்தல்'. அதற்கு மெலிதல் என்றும் பொருள் உண்டு, களைத்துப் போதல் என்றும் பொருள் உண்டு. உடம்பைக் குறைக்கப் புறப்படுகிற நம்மில் பலர் முதல் பொருளை நினைத்து ஆரம்பித்து இரண்டாவதில் போய் முடிகிறோம். அது ஏன், அதைத் தவிர்க்க நம் சமையலறையில் என்ன மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தில்லியில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். எடை குறைக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் கேட்பது, "எத்தனை கிலோ குறையும்? எத்தனை நாளில்?" என்பதுதான். குறையப்போவது எது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மயூர் விஹாரில் டி.டி.ஏ. அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஓர் அம்மாவைச் சொல்கிறேன். வயது 56, எடை 68 கிலோ, உயரம் ஐந்தடி ஓரங்குலம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நாலு மாதம் இருந்தது. காலையில் தண்ணீராகக் கரைத்த ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் ரெண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய், பேருக்குக் கொஞ்சம் பருப்பு, ராத்திரி பப்பாளி. கல்யாணத்தன்று 59 கிலோ. பட்டுப்புடவையில் எல்லோரும் புகழ்ந்தார்கள். பிறகு அவர் என்னிடம் வந்தது எடைக்காக அல்ல. "மேடம், மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கு. பூஜைக்குத் தரையில உட்கார்ந்தா சுவரைப் பிடிக்காம எழுந்திருக்க முடியல. வயசாயிடுச்சா எனக்கு?" என்று கேட்டார்.

நாலு மாதத்தில் அவ்வளவு வயசு ஆகாது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கணவருக்கு இதய நோய். மகன் அமெரிக்காவில், மகள் புகுந்த வீடு போயாயிற்று. பூத்தில் பால் வாங்க இறங்கி ஏற வேண்டியவர் இவர்தான். ஊரில் என்றால் கூப்பிடு தூரத்தில் அண்ணனோ மதினியோ இருப்பார்கள். இங்கே நம் கால்தான் நமக்கு உறவு.

அவருக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி சேமிப்பு இருக்கிறது. தசையோ ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ தசையைக் கரைத்தால் உடம்புக்குக் கிடைப்பது ஆயிரம் கலோரி அளவில்தான். ஆக, பட்டினி கிடக்கும் உடம்பு தன் பற்றாக்குறையைக் கொழுப்பிலிருந்து எடுத்தால் எடை மெதுவாக இறங்கும். தசையிலிருந்து எடுத்தால் கிடுகிடுவென இறங்கும். தராசுக்கு வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு, முதல் வாரத்தில் கல்லீரலிலும் தசையிலும் சேமித்துவைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீர்ந்து, அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறும். "ஒரே வாரத்துல ரெண்டு கிலோ!" என்று பூங்காவில் சொல்லிக்கொள்ளும் ரெண்டு கிலோவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான்.

வெறுமனே சாப்பாட்டைக் குறைத்து இறங்குகிற எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு கொழுப்பல்லாத திசு என்பது உணவியலில் நெடுநாளாகப் புழங்கிவரும் கணக்கு. அவசரப்பட்டால் கூடும், புரதம் குறைந்தால் கூடும், உட்கார்ந்தே இருந்தால் இன்னும் கூடும். அந்த அம்மா மூன்றையும் செய்திருந்தார்.

போன தசை, எடை ஏறும்போது திரும்பி வந்துவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண் தொண்டர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். உலகப் போருக்குப் பிறகு பட்டினியால் வாடிய மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்த சோதனை அது. அவர்கள் உடல் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். மறுபடி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் கொழுப்பு முந்திக்கொண்டு ஏறிப் பழைய அளவையும் தாண்டியது. தசை பின்தங்கியே வந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இளைத்து, ஒவ்வொரு தீபாவளிக்கும் பெருத்து, பத்து வருடம் கழித்து அதே 68 கிலோவில் நிற்கிறவர் பழைய ஆள் அல்ல. தராசில் அதே எண். உள்ளே சரக்கு மாறிவிட்டது.

இந்த விஷயத்தில் இந்தியர்களான நாம் கூடுதல் கவனமாக இருக்கக் காரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு இருவருக்கும் 22.3, அச்சு அசலாக ஒன்றே. ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடையில் வெள்ளைக்காரரை விட நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. ஒல்லியாக இருந்துகொண்டே கொழுத்திருப்பது நம் ஊர்க்காரர்களின் தனித்திறமை! இதில் வேடிக்கைக்கு அப்பால் ஒரு சங்கடம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெரும்பங்கு வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம்மிடையே, எடை குறைக்கிறேன் என்று அந்தக் கிடங்கையே இடிப்பது விவேகமாகுமா?

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். தசையைக் காப்பதற்கு மூன்று காரியங்கள் வேண்டும்: போதிய புரதம், தசைக்கு வேலை, நிதானம். புரதத்தில்தான் நம் வீடுகள் கோட்டை விடுகின்றன, ஆகவே அதைப் பற்றி விரிவாக.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (அது 1918-இல் நம் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சிக்காகச் சிறிய அளவில் தொடங்கியது, 1958-இல்தான் ஐதராபாத் போனது என்பது பலருக்குத் தெரியாது) 2020-இல் வெளியான தன் பரிந்துரையில், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. அது எடை மாறாமல் இருக்கும் ஆரோக்கியமானவருக்கு. சாப்பாட்டைக் குறைக்கும் காலத்தில், அதுவும் ஐம்பதைத் தாண்டியவருக்கு, 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படும். இப்போதைய பெருத்த எடையால் பெருக்க வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற, எட்டக்கூடிய எடையால் பெருக்கினால் போதும். நம் அம்மாவுக்கு 58 கிலோ என்று வைத்தால் நாளைக்குச் சுமார் 70 கிராம்.

எடை குறைக்கத் தொடங்கும் முன் அவர் சாப்பிட்டுவந்ததைக் கூட்டிப் பார்த்தேன். இட்லி ஒன்றில் ரெண்டு கிராம், மூன்று இட்லிக்கு ஆறு. இரண்டு வேளை சாம்பாரில் ஆறு. 150 கிராம் அரிசிச் சாதத்தில் பதினொன்று. ரெண்டு காபியின் பாலில் ஆறு, ஒரு கரண்டி தயிரில் மூன்று, ராத்திரி மூன்று சப்பாத்தியில் ஒன்பது, காய், முறுக்கு என்று உதிரியாக நாலு. மொத்தம் 45. பெயருக்குத் தேறும். ஓட்ஸ், சப்பாத்தி, பப்பாளி என்று மாறியபோது அது 22-க்கு வந்துவிட்டது. தேவை ஏறும் நேரத்தில் வரவு பாதியாகிவிட்டது. சாதத்தைக் குறைக்கிறேன் என்று ஆரம்பிக்கும் நம்மவர்கள், சாதத்தோடு போகும் பருப்பையும் தயிரையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்கள். சாப்பிடப் பிசைவதற்குச் சாதம் இல்லாவிட்டால் சாம்பாருக்கு என்ன வேலை?

"தினம் சாம்பார் சாப்பிடறோமே, புரோட்டீன் இல்லாமலா?" என்பது நான் அதிகம் கேட்ட கேள்வி. சாம்பாரில் இருக்கிறது, நம் தட்டில் இல்லை. துவரம்பருப்பில் நூற்றுக்கு 22 கிராம் புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் நாலு பேருக்கு அரைக் கிண்ணம் பருப்பு போட்டுப் புளித் தண்ணீரால் நீட்டிய சாம்பாரில் ஒருவருக்கு விழுவது பதினைந்து கிராம் பருப்பு. அதில் புரதம் மூன்று கிராம். ரசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. சாதமும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். நம் முன்னோர் சேர்க்கை சரி, அளவுதான் இப்போது தலைகீழ். சாதம் மலையாகவும் பருப்பு ஓடையாகவும் இருக்கிறது. குழம்பைக் கெட்டியாக்கி, கூட்டில் பாசிப்பருப்பைத் தாராளமாகப் போட்டு, சாதத்தைத் தொட்டுக்கொள்ளும் பொருளாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டு வந்ததில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. இரண்டு ஊர்ச் சரக்கும் நம் அலமாரியில் இருக்கிறது. நம் பக்கத்து அடை, பெசரட்டு, சுண்டல் ஒரு பக்கம். இந்தப் பக்கத்து ராஜ்மா, சோலே, பன்னீர், பீகார்க்காரர்கள் கரைத்துக் குடிக்கும் சத்து மாவு இன்னொரு பக்கம். வறுத்த கடலையை அரைத்த அந்த மாவில் நூற்றுக்குச் சுமார் இருபது கிராம் புரதம். மோரில் கரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டால் வெயிலுக்கு நம் நீர்மோரை மிஞ்சும். நம் பெண்கள் இதை வேலைக்காரர்களின் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு, பளபள டப்பாவில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வேறு பொடி வாங்குகிறார்கள். மீல் மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையில் உலர்ந்த நிலையில் நூற்றுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் புரதம். மலிவு. வாசனை பிடிக்காதவர்கள் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டு, மிளகு போட்டு வறுத்துப் பார்க்கவும்.

அதே 68 கிலோ அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே இப்படி எழுதிக் கொடுத்திருப்பேன். காலையில் 60 கிராம் பயறு ஊறவைத்து அரைத்த ரெண்டு பெசரட்டு: புரதம் 14 கிராம். மத்தியானம் 60 கிராம் அரிசிச் சாதம், 40 கிராம் பருப்பு விழும்படியாகக் கெட்டிக் கூட்டோ குழம்போ, தட்டில் பாதி காய்கறி, ஒரு கிண்ணம் தயிர்: 21 கிராம். சாயங்காலம் முறுக்குக்குப் பதில் ஒரு பிடி வறுத்த கடலை: ஆறு. ராத்திரி ரெண்டு சப்பாத்தி, 25 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் செய்த கறி அல்லது 75 கிராம் பன்னீர்: 19. ரெண்டு காபியும் ஒரு டம்ளர் மோரும் சேர்த்தால் 68-70 வந்துவிடும். எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றினால் மொத்தம் சுமார் 1,500 கலோரி (பன்னீர் போட்டால் கொஞ்சம் கூடும்). நடமாட்டத்தோடு அவர் செலவு 1,800 என்று கொண்டால் மாதம் ஒரு கிலோ குறையும். "ஒண்ணுதானா?" என்பார்கள். ஒன்றுதான். ஆனால் அது கொழுப்பு.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு சுலபம். முட்டை ஒன்றில் ஆறு கிராம். நூறு கிராம் மீனிலோ தோல் நீக்கிய கோழியிலோ இருபதையொட்டி. சித்தரஞ்சன் பார்க்கிலும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக் கிலோ பிரியாணி சாப்பிட்டு ஆறு நாள் ரசம் சாதத்தில் ஓட்டினால் பயனில்லை. உடம்பு புரதத்தைக் கொழுப்பைப் போலச் சேமித்து வைக்காது. வேளைக்கு இருபது கிராமாவது விழும்படி பிரித்துச் சாப்பிட வேண்டும்.

விரதங்களைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு ஏகாதசியால் யார் தசையும் கரைந்துவிடாது, கவலைப்படாமல் இருங்கள். கவனிக்க வேண்டியது பலகாரத்தை. ஜவ்வரிசியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம், உருளைக்கிழங்கில் சொற்பம். நவராத்திரி ஒன்பது நாளும் இந்த ஊர் வழக்கப்படி ஜவ்வரிசி கிச்சடி, உருளை வறுவல் என்று இருப்பவர்கள் பாலும் தயிரும் பன்னீரும் நிலக்கடலையும் சேர்த்துக்கொள்ளட்டும். விரதத்துக்கும் பழுது வராது.

அடுத்தது தசைக்கு வேலை. லோதி தோட்டத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறோம், அது போதாதா என்றால், இதயத்துக்கு மிக நல்லது, தசையைக் காக்கப் போதாது. உடம்பு கணக்குப்பிள்ளை மாதிரி; வேலை இல்லாத ஆளுக்குச் சம்பளம் கொடுக்காது. சாப்பாடு குறையும் காலத்தில் முதலில் ஆட்குறைப்பு செய்வது சும்மா இருக்கும் தசையைத்தான். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட பருமனான 107 பேரை ஒரு வருடம் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்கள் எடையில் 10 சதவீதமும் அதோடு பயிற்சியும் செய்தவர்கள் 9 சதவீதமும் இழந்தார்கள். ஆனால் கொழுப்பல்லாத திசுவில் முதல் பிரிவினர் இழந்தது 5 சதவீதம், இரண்டாம் பிரிவினர் 3 சதவீதம். உடல் இயக்கச் சோதனையிலும் இரண்டாம் பிரிவினரே மேல். இளைஞர்களிடம் பலன் இன்னும் கூடுதல். 2016-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், நாற்பது இளைஞர்கள் தேவைக்கு 40 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டு நாலு வாரம் கடும் பயிற்சி செய்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் எடுத்தவர்களுக்கே தசை குறையவில்லை, 2.4 கிராம் எடுத்தவர்களுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூடவே செய்தது.

ஜிம் வேண்டும் என்பதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை, படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது. வாரம் மூன்று நாள், நாளைக்கு இருபது நிமிடம். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ பாரத்தையோ கூட்ட வேண்டும். இதுதான் பலர் விட்டுவிடும் இடம். நவம்பரில் புகைமூட்டத்தில் வெளியே போக முடியாத நாளிலும் இதைச் செய்யலாம் என்பது தில்லிக்காரர்களுக்குக் கூடுதல் வசதி.

அந்த மயூர் விஹார் அம்மா ஒரு வருடம் போல இதைச் செய்தார். இப்போது 61 கிலோ. ரெண்டு கிலோ ஏறியதில் அவருக்கு முதலில் வருத்தம்தான். மூன்று மாடியையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறார்.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவலைப்படுவது வேறு திசையில். மாதாமாதம் பெரிய டப்பா வாங்குகிறான், சிறுநீரகம் போய்விடாதா என்று. 2024-இல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டி இந்தப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்கிறது, கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் புரதம் சாப்பிடுவதால் பயிற்சியில் மேலும் பலன் இல்லை என்றும் சொல்கிறது. என் அபிப்பிராயம்: மோர்ப்புரதம் விஷமல்ல, தயிரின் தெளிநீரிலிருந்து எடுப்பதுதான்; வீட்டுச் சாப்பாட்டில் நிரம்பாத இருபது கிராமுக்கு ஒரு கரண்டி தப்பில்லை. ஆனால் முட்டையும் பாலும் சாப்பிடும் பையனுக்கு மூன்று கரண்டி பணவிரயம். கடைக்காரர் சிபாரிசு செய்யும் மற்ற டப்பாக்களைத் தொடவே வேண்டாம்.

2025-இல் நம் நாட்டுச் சந்தைக்கு எடைக் குறைப்புக்கென்றே வந்த ஊசிகளைப் பற்றியும் இப்போது அடிக்கடி விசாரிக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பசி அடங்கிவிடுவதால் சாப்பாடு தானாகக் குறையும். அப்போது தட்டில் முதலில் பருப்பையும் தயிரையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டு, இடமிருந்தால் சாதம். இங்கும் குறையும் எடையில் ஒரு பங்கு தசைதான் என்பதால் நாற்காலிப் பயிற்சியை விடக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது, போவது கொழுப்பா தசையா என்று? கடைகளில் விற்கும் கொழுப்பு காட்டும் எடை மிஷின் காலையில் ஒன்று சொல்லும், மாலையில் ஒன்று சொல்லும். தையல்காரர் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் உள்ளே வர வேண்டும். டேப் இறங்கி, நாற்காலிச் சோதனை தேறினால் சரியான வழியில் போகிறீர்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை பலவீனம் என்று ஆசிய மருத்துவக் குழு 2019-இல் வகுத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்கு இதைச் செய்து பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன புரதக் கணக்கைப் பின்பற்றவே கூடாது. கிரியேட்டினின் பார்த்து டாக்டர் சொல்லும் அளவுதான் அவர்களுக்கு. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சாதத்தைக் குறைக்கும் முன் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கவும். பழைய அளவு மருந்தும் புதிய அளவு சாதமும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, விடிகாலையில் மயக்கம் வரலாம். தலையணைப் பக்கத்தில் ரெண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டும் சர்க்கரை கரைத்த தண்ணீரும் இருக்கட்டும்.